ஆரியங்காவு ஏற்றமும் நாற்பதாம் நம்பர் எண்ணெயும்

துபாயில் ஏழு வருஷம் இருந்தவன் பயணக் கட்டுரை எழுதினால் துபாயைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். அங்கே நான் பார்த்தது என்ன தெரியுமா? கார் பழுது பார்க்கும் ஷெட், தூங்குகிற கேம்ப், இரண்டுக்கும் நடுவே ஓடுகிற பஸ். கடலை இரண்டு தடவை பார்த்தேன், அதிலும் ஒரு தடவை பஸ் ஜன்னல் வழியாக. நான் ஆற அமரச் சுற்றிப் பார்த்த ஒரே ஊர் தென்காசிதான், அதுவும் லீவில் வந்தபோது. நாற்பத்தைந்து நாளைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஒருத்தன் தன் வீட்டுக்கு வருகிறான் என்றால் அதுவும் வெளிநாட்டுப் பயணம்தானே, வேறென்ன?

எண்பதுகளின் பின்பாதி அது. நோன்புப் பெருநாளுக்கு வந்திருக்க வேண்டியவன், லீவு தள்ளித் தள்ளிப் போய், சாரல் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து பஸ். தென்மலை தாண்டி மலை ஏறும்போது எல்லாரும் ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். நான் மட்டும் தூக்கி வைத்தேன். பக்கத்து சீட்டு மலையாளத்துப் பெரியவர் சட்டை நனைந்துபோய், உனக்கென்ன கிறுக்கா என்று கேட்டார். கல்ஃபிலிருந்து வருகிறேன், மழையைப் பார்த்து மூன்று வருஷமாகிறது என்றேன். அவர் மகனும் அங்கேதானாம். துண்டால் தலையை மூடிக்கொண்டு நனைந்தபடியே வந்தார்.

மலை இறங்கி, செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் பரோட்டா சாப்பிடப் போனார்கள். வீட்டுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் சால்னா வாசம் விடுமா? நானும் இறங்கி, இலையில் பிய்த்துப் போட்டு, நாட்டுக்கோழி சால்னாவை ஊற்றி ஊறவைத்து நாலு பரோட்டா தின்றேன். கேம்பில் எங்கள் சமையல்காரன் போடுகிற பரோட்டாவை நினைத்தேன். அதைச் செருப்புக்கு அடியில் வைத்துத் தைக்கலாம், பாவி.

இனி, வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்தைய லீவில் ஒரு பழைய காரை வாங்கிப் போட்டிருந்தேன். எங்கள் ஊரில் எந்தக் காராக இருந்தாலும் அது பிளசர்தான். கறுப்புப் பிளசர், வயது பதினெட்டு. அதை வாடகைக்கு விட்டு, ஓட்டம் சூடுபிடித்தால் நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவது என்று ஏற்பாடு. சுப்பையா அண்ணாச்சி என்று ஒருவரை டிரைவராக வைத்துவிட்டுப் போனேன். கை நிதானமான மனுஷன். ஆனால் நான் விமானம் ஏறிய கொஞ்ச நாளிலேயே வண்டி எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிட்டது. பெட்ரோல் குடித்தால் பரவாயில்லை, எஞ்சின் எண்ணெயைக் குடித்தது. வருகிற வாடகை எல்லாம் எண்ணெய் டின்னாகப் போயிற்று. எஞ்சினைப் பிரித்து சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட வேண்டும் என்றால், அதற்கு நான் இன்னும் இரண்டு வருஷம் துபாயில் கிடக்க வேண்டும்.

அப்போது எங்கள் தெருவில் கடிதம் குறைந்து கேசட் வந்திருந்தது. பேசிப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். "மச்சான், வண்டி ரொம்பப் பொகையுது. துணி காயப்போட முடியலன்னு தெருவுல எல்லாரும் ஏசுதாவ" என்று என் மனைவி மைமூன் பேசியிருந்தாள். எஞ்சின் சத்தத்தைப் பதிந்து அனுப்பு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அனுப்பினாள். கேம்பில் இரும்புக் கட்டிலில் படுத்துக்கொண்டு போட்டுக் கேட்டேன். எஞ்சின் ஓடுகிறது. நடுவில் அவள் ஒரு தடவை இருமுகிறாள். தூரத்தில் பாங்கு சொல்கிறார்கள். தகரக் கூரையில் மழை விழுகிறது. மெக்கானிக்காக நான் கேட்க வேண்டியது எஞ்சினுக்குள் வால்வைத் தட்டுகிற டாப்பட்டின் சத்தம். நான் திருப்பித் திருப்பி ஓட்டிக் கேட்டது அந்த இருமலை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கேசட்டை வைத்து நான் ஒரு மண்ணும் கண்டுபிடிக்கவில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம். அதே வருஷம்தான் நான் விமானம் ஏறினேன். சேர்ந்து இருந்தது மூன்று லீவு. பிள்ளை இல்லை. விசேஷ வீடுகளில் மைமூனைப் பார்த்து என்னம்மா ஒண்ணும் இல்லையா என்று கேட்கிற பெண்களுக்கு அவள் என்ன பதில் சொல்வாளோ, நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

வந்த மறுநாள் காலையில் சுப்பையா அண்ணாச்சி கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்தார். அடேயப்பா! நீலமாக எழுந்த புகை எதிர்வீட்டு வாசலை மறைத்துவிட்டது. ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி கொஞ்சமும் அசராமல், "வருசத்துக்கு ஒரு கொசு கிடையாது நம்ம தெருவுல" என்றார். துபாயில் இப்படிப் புகைகிற வண்டியை மணலில் ஓட்டிப் போய் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என்றேன். எண்ணெய் எண்ணெயாக இருக்கும், டின் டின்னாக இருக்கும், அங்கே இப்படி, அங்கே அப்படி என்று நான் பேசிக்கொண்டே போக, மைமூன் தேத்தண்ணி டம்ளரை டக்கென்று வைத்தாள்.

"வந்ததுல இருந்து அங்கன அங்கனன்னே சொல்லுதிய. இங்கன வந்து ஒரு நாளாவது இருங்களேன்" என்றாள்.

அன்று முழுக்க நான் துபாய் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு நாளில் மறந்துபோய் மறுபடி எடுத்துவிட்டேன், அது வேறு விஷயம்.

எண்ணெய்க் கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. டின் மேல் முப்பது, நாற்பது, ஐம்பது என்று நம்பர் இருக்கும். நம்பர் கூடக்கூட எண்ணெய் கெட்டி. புது எஞ்சினுக்குத் தண்ணியான எண்ணெய் போதும். பழைய எஞ்சினில் பிஸ்டன் வளையம் தேய்ந்து, சிலிண்டர் சுவரும் தேய்ந்து, நடுவில் சந்து விழுந்திருக்கும். தண்ணி எண்ணெய் அந்தச் சந்து வழியாக மேலே ஏறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும். கெட்டி எண்ணெய் என்றால் அவ்வளவு லேசில் ஏறாது. அண்ணாச்சி அதுவரை ஊற்றியது முப்பது. மலை ஏறி இறங்கி வந்தால் ஒரு லிட்டர் காலி.

துபாயில் தேய்ந்த வண்டி வந்தால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பதை ஊற்றுவோம். இங்கேயும் அதையே செய்தேன். கொல்லம் ரோட்டுக் கடையில் ஐம்பது வாங்கி, பழையதை வடித்துவிட்டு ஊற்றி, மத்தியானம் ஆய்க்குடி வரை ஒரு ஓட்டம் ஓட்டினோம். புகை இல்லை! சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தேன், லேசாக ஒரு கறை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மைமூனிடம் கைக்குட்டையைக் காட்டினேன். ஏதோ தங்கத்தைப் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வைத்த மீன் ஆணத்தில், குழம்பைத்தான் நாங்கள் ஆணம் என்போம், உப்பு ஒரு கை கூடுதல். ரெண்டு பேரும் சட்டியை வழித்துத் தின்றோம்.

மறுநாள் விழுந்தது அடி. சிவகிரியிலிருந்து குடும்பத்தோடு சீசனுக்கு வந்தவர்கள் வண்டி பேசியிருந்தார்கள். ஐந்தருவிக்குக் கொண்டுபோய் விட்டோம், நானும் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அவர்கள் குளித்து, ஈரத் துணியும் நடுக்கமுமாக வந்து ஏறினார்கள். அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். எஞ்சின் தூக்கத்தில் எழுப்பினவன் மாதிரி ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. இன்னொரு தடவை. அதோடு பாட்டரியும் படுத்துவிட்டது. சாரலில் நனைந்துகொண்டு நானும் அந்தக் குடும்பத்து மாப்பிள்ளையும் தள்ளினோம். கிளம்பியது, ஆனால் எண்ணெய் மேலே ஏறாமல் டாப்பட் எல்லாம் கடகடவென்று அடித்தது. எண்ணெய் ஏறாததைக் காட்டுகிற சிவப்பு விளக்கு அணைய வேண்டிய நேரத்தில் அணையவில்லை. நான் ஓடிப் போய் எஞ்சினை நிறுத்தினேன். அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜட்கா பிடித்துப் போனார்கள்.

அண்ணாச்சி பாட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். நான் வண்டிக்குக் காவல். பக்கத்தில் ஒருத்தர் அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழிலில் இருந்தார், என் வயதுதான் இருக்கும். சும்மா நிற்கிறோமே என்று நானும் பலகையில் உட்கார்ந்தேன். அவர் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கரி அடுப்பில் காட்டிச் சூடாக்கினார். எண்ணெயைத் தேய்ப்பதற்கு எதற்கு அடுப்பு என்றேன். பங்குனி சித்திரையில் அடுப்பு கிடையாது, சாரல் நேரத்தில் எண்ணெய் இறுகிப்போகும், இறுகின எண்ணெய் உடம்பில் ஓடாது, வெயிலுக்கு ஒரு எண்ணெய் சாரலுக்கு ஒரு எண்ணெய் என்று சொல்லிக்கொண்டே என் முதுகில் ஒரு அறை வைத்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. துபாயில் காலையிலேயே எஞ்சின் சுட்டுக்கிடக்கும், ஐம்பது அங்கே தண்ணியாக ஓடும். இங்கே குற்றாலத்துச் சாரலில் அது குழம்பு. ஒரு மெக்கானிக், ஏழு வருஷ அனுபவம், இதைக்கூட யோசிக்கவில்லை. ஏன் யோசிக்கவில்லை என்றால், புகை நிற்க வேண்டும், நான் ஊரில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் மண்டையில். நம்பர் கூடினால் நல்லது என்று ஆசை சொன்னது, நான் அதைக் கேட்டேன். அண்ணாச்சி பாட்டரியோடு வருவதற்குள் அருவியில் போய் நின்றேன். தலையில் அடித்த அடியில் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றாமல் இருந்தது, சுகமாக இருந்தது.

ஐம்பதை வடித்துவிட்டு நாற்பதை ஊற்றினோம். முப்பதிலிருந்து ஒரே ஒரு படி மேலே, பேராசை வேண்டாம் என்று. காலையில் சாவி திருப்பினதும் கிளம்பியது, விளக்கு சட்டென்று அணைந்தது. புகை இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எதிர்வீட்டு வாசல் தெரிந்தது. அடுத்த பத்து நாள் பழைய குற்றாலம், ஆய்க்குடி, அச்சன்புதூர் என்று சமதரை ஓட்டம் எல்லாம் ஓடிப் பார்த்தோம். எண்ணெய் குறைந்தது, முன்பு மாதிரி குறையவில்லை. ஆனால் சீசன் வாடகை என்பது மலை ஓட்டம்தான். கேரளத்திலிருந்து வருகிறவர்கள், கேரளத்துக்குப் போகிறவர்கள். மலை ஏறினால்தான் வளையத்தின் யோக்கியதை தெரியும்.

இதற்குள் லீவு கரைந்துவிட்டது. நான் திரும்பி வருகிறேனா இல்லையா என்று கம்பெனிக்குத் தந்தி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் எப்போ பயணம், எப்போ பயணம் என்றுதான் கேட்டார்கள். ஒருத்தராவது எப்போ வந்தாய் என்று கேட்டதில்லை. மைமூன் ஊறுகாய் போட்டுப் பாட்டிலில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி, பரண் மேல் வைத்துவிட்டாள். எனக்கு அந்தப் பாட்டிலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருக்கும். மேல் கோடு வரை ஊற்றினால் முழுசு, கீழ்க் கோட்டுக்கு வந்தால் ஒரு லிட்டர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நான் இரண்டுக்கும் சரி நடுவில் அரத்தால் ஒரு கீறல் போட்டேன். மைமூனைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாளைக்கு மேல் கோடு வரை நிரப்பிக்கொண்டு தென்மலை போய்த் திரும்புவோம். மலை இறங்கி அடிவாரத்தில் பார்க்கும்போது எண்ணெய் இந்தக் கீறலுக்குக் கீழே போயிருந்தால் நான் துபாய்க்குப் போகிறேன், மேலே நின்றால் இருக்கிறேன் என்றேன். இவ்வளவு பெரிய முடிவை ஒரு குச்சியிடம் விடுகிறோமே என்று உள்ளுக்குள் கூச்சமாகத்தான் இருந்தது. என் வாயால் இருக்கிறேன் என்று சொல்லத் தைரியம் இல்லாதவன் வேறென்ன செய்வான்?

அவள் குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கீறலை நகத்தால் தடவினாள். "சரி மச்சான்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணாச்சிக்கு லீவு கொடுத்துவிட்டு நானே ஓட்டினேன். மைமூன் பின்சீட்டில். புகை பார்க்கிற வேலை அவளுக்கு. பின்கண்ணாடிப் பக்கம் திரும்பி முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஏழு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் காரில் போவது அதுதான் முதல் தடவை. அவளோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைலன்சரைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. புளியரை வயல் எல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. இந்தப் பச்சையை அங்கே... என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் மூடம், அதாவது மூடுபனி, இறங்கிவிட்டது. புகை தெரிகிறதா என்று கேட்டேன். லேசா என்றாள். இன்னும் நாலு வளைவு ஏறினதும் கேட்டேன். கொஞ்சம் கூட இருக்கு என்றாள். இரண்டாவது கியரில் வண்டி மூச்சுப்பிடித்து ஏறியது. அதற்கப்புறம் கேட்டபோது அவள் பின்கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். ஆரியங்காவு தாண்டி, தென்மலை போய், அங்கே நிறுத்தாமல் திருப்பினேன். திரும்பி ஆரியங்காவு வந்தபோது மழை வலுத்துவிட்டது. ஒரு சாயாக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி, சமமான இடத்தில் நிறுத்தினேன். புகை வருகிற வேகத்தைப் பார்த்தால் கீறலைத் தொட்டுவிடும் போலத் தோன்றுகிறது என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். சாயா வாங்கி வருகிறேன், நீ நனையாதே என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடைக்காரர் மலையாளத்து மனுஷன். ஏத்தம்பழ பஜ்ஜி இருக்கிறதா என்றேன். இருப்பது ஆறிப்போனது, வெளியூர்க்காரருக்கு ஆறினதைக் கொடுக்க மாட்டேன், நில்லும் என்று மாவைக் கலக்க ஆரம்பித்துவிட்டார். நான் வெளியூர் இல்லை, தென்காசி என்றேன். உம்ம சட்டையைப் பார்த்தால் கல்ஃப் மாதிரி இருக்கிறது என்றார். பஜ்ஜி பொன்னிறமாக வருவதற்குள் கால்மணி நேரம் ஓடிவிட்டது. எண்ணெய் சொட்டுகிற காகிதப் பொட்டலத்தோடு வந்தால், மைமூன் முக்காடு நனைந்து, தோள் நனைந்து, சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். கீழே இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன் என்றாள். பஜ்ஜியை இடக்கையால் வாங்கினாள். வலக்கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள், குளிர் என்று நினைத்தேன்.

கிளம்பினதும் பானட்டிலிருந்து எண்ணெய் கருகுகிற வாசம் வந்தது. கேஸ்கட் எங்கோ கசிகிறது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, வளைவு தாண்டி மறுபடி மிதித்தேன். பக்கக் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் நீலம்.

"புகை வருதா?" என்றேன்.

"இல்ல" என்றாள்.

"நல்லாப் பாரு."

"பொகையே இல்ல மச்சான். மூடம்தான்."

பின்னால் ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். ஒரு அகலமான வளைவில் ஒதுங்கி வழிவிட்டேன். பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, கிளீனர் பக்க ஜன்னலைப் பார்த்துக் குனிந்து டிரைவர் மலையாளத்தில் கத்தினான். அண்ணே, உங்கள் வண்டி எண்ணெயை எரித்துக்கொண்டு வருகிறது, எனக்கு ரோடே தெரியவில்லை, நிறுத்திப் பாருங்கள் என்றான். நான் கண்ணாடியில் மைமூனைப் பார்த்தேன். அவள் இன்னும் பின்பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். மலையாளத்தானுக்கு மூடத்துக்கும் பொகைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஏறும்போது புகைவது வளையம் தேய்ந்ததால், அது தெரிந்த கதை. ஆனால் இறங்கும்போது இத்தனை புகை ஏன்? போகும்போது இருந்ததைவிட வரும்போது மூன்று மடங்கு எப்படி ஆகும்? வளையம் ஏதும் உடைந்துவிட்டதோ? அப்படியானால் எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருக்கும். துபாய் முடிவாகிவிட்டது என்றே நினைத்தேன். சொன்னால் நம்புங்கள், கண் கலங்கி ரோடு இரண்டாகத் தெரிந்தது. அந்தக் கேம்ப்பும், இரும்புக் கட்டிலும், ஞாயிற்றுக்கிழமை என்றும் வெள்ளிக்கிழமை என்றும் வித்தியாசம் தெரியாத நாளும்தான் இனி.

அடிவாரத்தில் சமதரையில் நிறுத்தினேன். எண்ணெய் எல்லாம் கீழே இறங்கட்டும் என்று பத்து நிமிஷம் காத்திருந்தேன். மழை விட்டிருந்தது. மைமூனும் இறங்கி வந்து நின்றாள். பானட்டைத் தூக்கினேன். குச்சியை உருவி, துடைத்து, மறுபடி சொருகி உருவினேன்.

எண்ணெய் கீறலுக்குக் கீழே போகவில்லை. கீறலில் நிற்கவில்லை. காலையில் நான் நிரப்பின மேல் கோட்டிலும் நிற்கவில்லை. மேல் கோட்டுக்கும் மேலே, ஒரு விரற்கடை ஏறி நின்றது.

எந்த எஞ்சினும் எண்ணெயைக் குட்டி போட்டதில்லை. எஞ்சின் தலையில் எண்ணெய் ஊற்றுகிற வாய்மூடியைச் சுற்றி எண்ணெய் சிந்திக் கருகிக் கிடந்தது. டிக்கியைத் திறந்தேன். அவசரத்துக்கு என்று நான் வைத்திருந்த ஒரு லிட்டர் டின் காலி. அளவுக்கு மேல் ஊற்றினால் எஞ்சினுக்குள் கடைந்து எறியப்பட்டு அத்தனையும் மேலே ஏறி எரியும், புகை அதனால்தான். அவள் கையைப் பிடித்து முந்தானையிலிருந்து எடுத்தேன். விரலெல்லாம் எண்ணெய், நகக்கண் வரை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம் சுட்டுச் சிவந்திருந்தது.

"எப்படித் திறந்தே?" என்றேன். எனக்குக் கேட்க வந்தது அதுதான்.

"ரெண்டு வருசமா அண்ணாச்சி காலையில ஊத்துததப் பாத்துக்கிட்டுத்தான நிக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் குச்சியையே பார்த்தாள். பிறகு, "கீறலுக்குக் கீழ போனாத்தான போவேன்னு சொன்னிய. கீழ போகலல்லா. அப்ப போகாண்டாம்லா" என்றாள்.

எங்கள் தெருவில் வெளிநாடு போகிறவனைப் பார்த்து யாரும் போகாதே என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் போகிற காரியத்துக்கு ஆகாது என்பார்கள். விமானத்துக்குக் கிளம்புகிற அன்று பெண்கள் அழுதால்கூட அடுப்படிக்குள் போய்த்தான் அழ வேண்டும். மூன்று லீவு முடிந்து மூன்று தடவை நான் பெட்டியைத் தூக்கினபோதும் மைமூன் வாசல் வரை வந்து, சோறு கட்டிக் கொடுத்து, சரி மச்சான் என்றவள்தான். அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன், அதுவும் ரோட்டோரத்தில், பானட்டைத் திறந்து போட்டுக்கொண்டு.

அந்த நாற்பது நம்பர் எண்ணெய் கீறலைத் தொட்டிருக்குமா, தொட்டிருக்காதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, கூடுதலாக இருந்ததைக் காலி டின்னில் வடித்தேன். மைமூன் குனிந்து எட்டிப் பார்த்தாள். அடியில் கிடந்தபடியே, நான் போகவில்லை, நாளைக்குத் தந்தி அடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் நிமிர்ந்துவிட்டாள். பாதத்தை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது, ஒரு கால் விரல் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

"வண்டி எண்ணெய் குடிக்குமே மச்சான்" என்றாள்.

"குடிக்கத்தான் செய்யும்" என்றேன். "ஊத்திக்கிடுவோம்."